மண்ணுக்குள் ஒரு சூரியன்

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பஞ்சர் கடை. அதன் மேல்மாடியில்தான் கஸ்தூரி துப்பறியும் நிலையம். சனிக்கிழமை காலை கோமளா உள்ளே வந்தபோது வணக்கம் சொல்லவில்லை, காட்டிய நாற்காலியில் உட்காரவும் இல்லை. கையிலிருந்த செல்போனை மேசைமேல் வைத்துக் கஸ்தூரியின் பக்கம் தள்ளினாள்.

"இத்த வரைஞ்சது நானு. கீழ எவ பேரோ கீது. நான் செத்துட்டேன்னு நெனச்சிக்கினாங்களா?"

உதவியாளன் மதுரைவீரன் எட்டிப் பார்த்தான். வாட்ஸப்பில் வந்த அழைப்பிதழ். திரை முழுக்க ஒரே ஒரு ஆரஞ்சுப் பூ, அடுப்பில் ஊதிவிட்ட கரி மாதிரி தகதகவென்று இருந்தது. கீழே எழுத்து: 'பாலையின் பூக்கள். சிம்ரனின் ஓவியக் கண்காட்சி. சனிக்கிழமை மாலை, வானகரம்.'

"செத்தவங்க எங்க மாடிப்படி ஏற மாட்டாங்கம்மா. உசுரோட கீறவங்களே பாதியில திரும்பிடுவாங்க," என்றான் வீரன்.

கோமளா சிரிக்கவில்லை. கஸ்தூரியும் சிரிக்கவில்லை. கஸ்தூரி எதற்குமே அவ்வளவு சீக்கிரம் சிரிப்பவள் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவள்; தானாக எரிந்த கடை எது, தீ வைத்து எரிந்த கடை எது என்று சாம்பலைப் பார்த்தே சொல்லுவாள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. வேலையை விட்டு நிலையம் தொடங்கிய புதிதில் கோவில்பதாகையிலிருந்து வந்த ஒரு கால்டாக்ஸியில் ஏறினாள். இறங்க வேண்டிய இடத்தில் அவள் இறங்கினாள். ஓட்டி வந்த மதுரைவீரன்தான் இன்றுவரை இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினால் சம்பளத்தை உயர்த்துவதாக அவள் சொல்லியிருக்கிறாள். அவன் பழைய சம்பளத்திலேயே இருக்கிறான்.

கோமளாவின் கதை நீளமானது. அவள் அதை நின்றபடியே சொன்னாள். ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் வேலை. பச்சை, பழுப்பு, கறுப்பு என்று திட்டுத் திட்டாக அடிக்க வேண்டும். மரத்துக்கு நடுவே நிறுத்தினால் வண்டி நிற்பதே தெரியக்கூடாது. கோடையில் சோதனை ஓட்டத்துக்கு டாங்கிகள் ராஜஸ்தான் பாலைவனத்துக்கு ரயிலேறும். உரிந்த இடத்தைத் தொட்டுப் பூச அவளையும் கூட அனுப்புவார்கள். ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் கூடாரத்துக்குள் சீட்டாடினார்கள். இவள் வெளியே போய்ச் செடி பார்த்தாள். ஒரு இலைகூட இல்லாமல் உடம்பெல்லாம் சிவப்பாகப் பூத்து நிற்கிற கேர் புதர். மணலில் மஞ்சள் பந்துகளாக உருண்டு கிடக்கிற பேய்க்குமட்டி. அனல் காற்றில் ஆரஞ்சுப் பூவை அள்ளிக் கொட்டுகிற ரோகிடா மரம். ஓய்வு பெற்று நூம்பலில் சொந்த வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடி அறையில் பிளைவுட் பலகையைப் படுக்கப் போட்டு அவற்றையெல்லாம் வரையத் தொடங்கினாள். அதே வண்டி பெயிண்ட், அதே ஸ்பிரே கன். நிறம் மட்டும்தான் வேறு.

"ஆயுசு பூரா எவன் கண்ணுலயும் படக்கூடாதுன்னு பெயிண்ட் அடிச்சேம்மா. இப்போ கண்ணுல படணும்னு அடிக்கிறேன். அதுல போயி இன்னொருத்தி பேரா?"

பலகைகளைச் சட்டம் போடச் சொல்லிப் பூந்தமல்லியில் ஜம்புலிங்கத்தின் கடையில் கொடுத்திருந்தாள். ஐப்பசி மழை முடிந்ததும் ஜம்புலிங்கம் கைகளைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான். கடைக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் பாழாகிவிட்டது, அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றான். கோமளா நம்பினாள். அடுப்புப் பற்ற வைக்கக்கூட மனமில்லாமல் கிடந்தாள். நேற்று ராத்திரி அடுத்த வீட்டு ஜமீலா இந்த அழைப்பிதழைக் கொண்டுவந்து, அக்கா இது உன் பூவாச்சே என்று காட்டியபோதுதான் விஷயம் வெளிவந்தது.

விடிந்ததும் வானகரம் போயிருக்கிறாள். சிம்ரன் என்பவள் அடுக்குமாடி கட்டி விற்கிற மணவாளனின் மருமகள். மணவாளன் மோர் கொடுத்து உபசரித்தார். குரலை உயர்த்தவே இல்லை. அத்தாட்சி இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் ஏதாவது வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கள், கூச்சல் போட்டால் போலீசுக்குப் போவேன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"மோரத் தொடல. எழுந்து வந்துட்டேன்," என்றாள் கோமளா.

வரைந்தபோது போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கஸ்தூரி கேட்டாள். இல்லை. தொழிற்சாலை வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பாலைவனத்திலும் அப்படித்தான், போட்டோ எடுத்தால் வேலை போய்விடும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கைக்கு, வீட்டுக்கு வந்த பிறகும் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பலகையில் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டதற்கும் இல்லை என்றாள். பெயர் கடைசியில்தான், சட்டம் போட்டு வந்ததும் எழுதலாம் என்று விட்டிருந்தாள்.

"சுத்தம்," என்றான் வீரன். "போட்டோ இல்ல, பேரும் இல்ல. திருடனுக்கு வெத்தல பாக்கு வெச்சுக் கூப்ட்டா மாதிரி கீது."

கஸ்தூரி கைப்பையை எடுத்துக்கொண்டாள். "சாயந்தரம் நாலு பேர் கைதட்டிட்டா அப்புறம் அது சிம்ரன் படம்தான். யார் போய்ச் சொன்னாலும் பொறாமைன்னுதான் சொல்லுவாங்க. வண்டியை எடு வீரா. பூந்தமல்லி."

*

ஜம்புலிங்கத்தின் கடை பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. கோமளாவை வண்டிக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டுக் கஸ்தூரி முன்னால் நடந்தாள். வீரன் அட்டையும் பேனாவுமாகப் பின்னால் போனான். மழையில் பாதிக்கப்பட்ட கடைகளை விசாரிக்க வந்திருக்கிறோம் என்று மட்டும் கஸ்தூரி சொன்னாள். யார் அனுப்பினார்கள் என்று அவளும் சொல்லவில்லை, ஜம்புலிங்கமும் கேட்கவில்லை. நிவாரணப் பணம் வரும் என்று அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

தண்ணீர் எந்த அளவு வந்தது, எந்தெந்தக் கண்ணாடி உடைந்தது என்று அவனே நடந்து நடந்து காட்டினான். மற்றவர்கள் கொடுத்த பொருள் ஏதாவது போனதா என்று கஸ்தூரி சாதாரணமாகக் கேட்டாள். அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான்.

"நூம்பல்ல ஒரு அம்மா மேடம். செடி, பூவுன்னு எவ்ளோ படம். பாவம், அத்தினியும் போச்சு. கலரெல்லாம் கரைஞ்சு ஓடிச்சு மேடம். தரை பூரா செவப்பும் மஞ்சளும். நானே தொடப்பத்தால தள்ளினேன். கையில ஏறின செவப்பு கழுவக் கழுவப் போகவே இல்ல."

"கரைஞ்சு ஓடிச்சா?"

"ஓடிச்சு மேடம். கண்ணால பாத்தேன்."

கஸ்தூரி வீரனைப் பார்த்தாள். வீரன் சந்து முனைக்குப் போய்க் கோமளாவை அழைத்து வந்தான். அவளைக் கண்டதும் ஜம்புலிங்கத்தின் முகத்திலிருந்த சோகம் நிஜச் சோகமாக மாறியது.

நீங்கள் அடித்தது என்ன பெயிண்ட் என்று கஸ்தூரி கேட்டாள்.

"டாங்கிக்கு அடிக்கிற பெயிண்டு," என்றாள் கோமளா. "சேத்துல பொரண்டாலும் போவாது. ஆத்துல எறங்கி அக்கரையில ஏறினாலும் போவாது. அத்த நீ எதுல கரைச்ச ஜம்புலிங்கம்?"

"அண்ணாத்தே," என்றான் வீரன், "உன்ன மிலிட்டரில தேடிக்கினு கீறாங்க. எதிரி டாங்கி வந்தா உங்க கடைத் தண்ணிய ஒரு பக்கெட் ஊத்தினாப் போதும்."

ஜம்புலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். மழையில் போய்விட்டது என்பதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பான். பொய்க்குப் பூ வைத்து, பொட்டு வைத்து, கையில் சிவப்பும் ஏற்றியதில் மாட்டிக்கொண்டான்.

பிறகு எல்லாம் வந்தது. மாதிரி வீட்டுக்குப் படம் மாட்ட வேண்டும் என்று மணவாளன் கடைக்கு வந்தார். சுவரில் சாய்த்திருந்த பலகைகளைப் பார்த்துவிட்டு யாருடையது என்றார். யாரோ ஒரு வயசான அம்மா என்று சொன்னதும், எல்லாவற்றையும் வண்டியில் ஏற்று, மழையில் போய்விட்டதாகச் சொல்லிவிடு என்றார். கடை இருக்கிற கட்டடம் மணவாளனுடையது. அவர் கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் சட்டம் போடுகிற வேலையும் ஜம்புலிங்கத்துக்குத்தான்.

இதை வந்து அங்கே நாலு பேர் முன்னால் சொல்லுவாயா என்று கோமளா கேட்டாள். ஜம்புலிங்கம் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"வர மாட்டேம்மா. கோர்ட்டுல கேட்டாலும் சரி, கோயில்ல கற்பூரத்த அணைச்சுக் கேட்டாலும் சரி, நீங்க கடைக்கே வரலன்னுதான் சொல்லுவேன்."

மீதி ஷட்டரையும் இறக்கிவிட்டான்.

வண்டியில் ஏறியதும் வீரன் ஸ்டியரிங்மேல் முகவாயை வைத்துக்கொண்டான். திருடன் யாரென்று தெரிந்தும் சட்டையைப் பிடிக்க முடியாத நிலைமை அவனுக்குப் பிடிக்காத ஒன்று. எங்கே போவது என்று கேட்டான். நூம்பலுக்கு என்றாள் கஸ்தூரி. அங்கே என்ன இருக்கிறது, இருந்ததெல்லாம்தான் போய்விட்டதே என்றாள் கோமளா.

"படம்தான் போச்சு. நீங்க வேலை செய்யிற விதம் அங்கதானே இருக்கு. அதைப் பாக்கணும்," என்றாள் கஸ்தூரி.

*

மொட்டைமாடி அறையில் நிற்க இடம் இல்லை. பெயிண்ட் டப்பாக்கள், கம்பிரசர், பழைய துணி மூட்டை. நடுவில் பாதி முடிந்த பலகை ஒன்று தரையில் படுத்திருந்தது. எருக்கஞ்செடி. வீரன் குனிந்து பார்த்துவிட்டு, பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற பூதானே, இதற்காகவா பாலைவனம் வரை போனீர்கள் என்றான். நம் ஊர் எருக்கு இதழை விரித்துப் போட்டிருக்கும், அந்த ஊர் எருக்கு இதழைத் தூக்கிப் பிடித்து நுனியில் ஊதா மை தொட்டிருக்கும், கண்ணைத் திறந்து பார் நைனா என்றாள் கோமளா. வீரன் கண்ணைத் திறந்து பார்த்தான். பூவில் இல்லை, வேரில் அவன் கண் நின்றது.

"இங்க ஒண்ணு உட்டுட்டியேம்மா. பெயிண்ட் தீந்து போச்சா?"

செடியின் வேருக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு வட்டம் மட்டும் நிறமே ஏறாமல் வெறும் கட்டையாக இருந்தது.

அது விட்டுப்போனது இல்லை என்றாள் கோமளா. டாங்கியில் விளக்கு, கண்ணாடி, பெயர்த் தகடு இதன்மேலெல்லாம் பெயிண்ட் படக்கூடாது. முதலில் அவற்றை மூடிவிட்டுத்தான் கன்னைக் கையில் எடுப்பார்கள். எல்லாம் காய்ந்து, மேலதிகாரி பார்த்துச் சரி என்ற பிறகுதான் எழுத்தும் எண்ணும். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. பெயருக்கு ஒரு இடத்தை மூடி வைக்காமல் அவளுக்குக் கன்னைப் பிடிக்க வராது.

"எதை வெச்சு மூடுவீங்க?" என்றாள் கஸ்தூரி.

கோமளா துணி மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு தகர மூடியை எடுத்தாள். பெரிய ஷூ பாலிஷ் டப்பாவின் மூடி. எத்தனையோ நிறம் ஏறி, ஏறி, கனத்துப்போயிருந்தது. விளிம்பில் ஒரு பக்கம் உள்வாங்கி நசுங்கியிருந்தது.

"டாங்கி ஏறிடிச்சா?" என்றான் வீரன்.

"டாங்கி ஏறினா மூடி மிஞ்சுமா? மேலேந்து உழுந்துச்சு. நசுங்கினா இன்னா, மூடுது இல்ல? மொதப் பலகையிலேந்து இதான்."

கஸ்தூரி கண்ணாடியைக் கழற்றினாள். எதையாவது உண்மையிலேயே பார்க்க வேண்டுமென்றால் அவள் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். முழங்காலிட்டு வட்டத்தைப் பார்த்தாள். அது முழு வட்டம் இல்லை. ஒரு ஓரத்தில் எலி கடித்த அப்பளம் மாதிரி சின்னதாக ஒரு நெளிவு. மூடியை அதன்மேல் வைத்து மெதுவாகத் திருப்பினாள். நசுங்கல் நெளிவில் போய் உட்கார்ந்தது.

மூடி அவளுடைய கைப்பைக்குள் போனது. படியிறங்கும்போது வீரன் குரலைத் தாழ்த்தினான். வெளியாள் இல்லாதபோது அவனுக்கு அவள் மேடம் இல்லை, அக்கா.

"யக்கா, ரொம்ப ஆசப்படாத. வெறுங்கட்டை தெரியற படத்த எவனாச்சும் அப்டியே மாட்டுவானா? பச்சையோ பழுப்போ அடிச்சு மூடியிருப்பான்."

அன்றைக்கு முதன்முறையாகக் கஸ்தூரியின் முகம் வாடியதை வீரன் பார்த்தான்.

"மூடியிருந்தா சொரண்டிப் பாக்கறேன்," என்றாள் பின்னால் வந்த கோமளா. அவளுக்குக் காது நன்றாகவே கேட்டது.

*

வானகரத்தில், மதுரவாயல் பைபாஸை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், மணவாளனின் புதுக் குடியிருப்பு நின்றது. வாசலில் அட்டை ஒட்டகம். தலைப்பாகை கட்டிய பையன்கள் ரோஸ்மில்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடம் துபாயிலிருந்து வந்திருக்கிறார்கள், மூன்று படுக்கையறை வேண்டும், கூட வந்திருப்பது பெரியம்மா, வாஸ்து பார்ப்பார் என்று வீரன் அளந்துவிட்டதில் காவலாளி சல்யூட்டே அடித்தான்.

கூடத்துக்குள் நுழைந்ததும் கோமளா நின்றாள். நான்கு சுவரிலும் அவளுடைய செடிகள். கறுப்புச் சட்டத்துக்குள், விளக்கு வெளிச்சத்தில், அவள் மாடியறையில் பார்த்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தன. அவள் அழுவாள் என்று வீரன் கைக்குட்டையைத் தேடினான். அவள் அழவில்லை. காணாமல்போன பிள்ளைகளைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவள் மாதிரி உதட்டுக்குள்ளேயே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேர். ரோகிடா. குமட்டி.

"யக்கா," வீரன் கஸ்தூரியின் முழங்கையைத் தொட்டான். "சூரியன் மண்ணுக்குள்ள கீது."

ஒவ்வொரு படத்திலும், வேருக்குப் பக்கத்தில், தங்க நிறத்தில் ஒரு வட்டம். கோமளா வெறும் கட்டையாக விட்டிருந்த அதே இடம். பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. பளபளவென்று தங்கம். பக்கத்தில் ஜிப்பா போட்ட பெரியவர் ஒருவர், பாலையின் சூரியன் வேரில்தான் உறங்குகிறது, எப்பேர்ப்பட்ட தத்துவம் என்று நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

கஸ்தூரி கண்ணாடியைக் கழற்றி முதல் படத்தைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்துவிட்டு, சிரித்தாள். வீரனுக்குப் பயமாகிவிட்டது.

அதற்குள் மேடையில் மணவாளன் மைக்கைப் பிடித்திருந்தார். என் மருமகள், அவள் தூரிகை, இந்த மண்ணுக்குப் பெருமை என்று வரிசையாக வந்தது. பக்கத்தில் பட்டுப்புடவையில் சிம்ரன் தரையைப் பார்த்து நின்றாள். கைதட்ட எல்லாரும் கையைத் தூக்கிய நேரம்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் கோமளா. "வரைஞ்சவ இங்க கீறேன்."

கூடம் திரும்பியது. மணவாளன் துளியும் அசரவில்லை. இந்த அம்மா காலையிலும் வந்தார்கள், பாவம், உடம்பு சரியில்லை, யாராவது பத்திரமாக வெளியே அழைத்துப் போங்கள் என்றார். காவலாளிகள் நகர்ந்தார்கள். கஸ்தூரி குறுக்கே வந்து, ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறோம், சூரியன் ஏன் வேரில் இருக்கிறது என்றாள். மணவாளன் ஜிப்பாப் பெரியவர் சொன்னதையே இன்னும் நீளமாகச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள்.

கோமளா மூடியை வாங்கிக்கொண்டு முதல் படத்துக்குப் போனாள். தங்க வட்டத்தின்மேல் வைத்தாள். ஒரு பக்கம் துருத்தியது. திருப்பினாள், நசுங்கல் நெளிவில் உட்கார்ந்தது, வட்டம் காணாமல் போனது. அடுத்த படம். அதற்கடுத்த படம். எல்லாவற்றிலும் அதே கதை. கூடத்தில் ரோஸ்மில்க் உறிஞ்சுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. முடிந்தது என்று நினைத்தான் வீரன்.

"ரொம்ப நல்லது," என்றார் மணவாளன். "காணாம போன மூடி கிடைச்சிடுச்சு. என் மருமக அதை வெச்சுதான் வட்டம் போட்டா. படத்தோட சட்டம் போடற கடைக்குப் போயிருந்தது. அங்கேருந்து உங்க கைக்கு எப்படி வந்ததுன்னு போலீஸ்ல சொல்லுங்க."

கடைக்காரனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவன் எந்தப் பக்கம் பேசுவான் என்று வீரனுக்குத் தெரியும். கோமளாவைப் பார்த்தான். அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"கூப்புடு. வர்ற வரைக்கும் இங்கயேதான் நிப்பேன்."

கஸ்தூரி மணவாளனைத் தாண்டி மருமகளிடம் போனாள். பகலெல்லாம் பொய்யர்களிடம் பேசிய குரல் இல்லை இது.

"சிம்ரன், இதை மறைக்கணும்னு நெனைச்சவங்க என்ன செஞ்சிருப்பாங்க? ரெண்டு தடவை பிரஷ்ஷை ஓட்டி நெளிவை நேராக்கியிருப்பாங்க. இங்க ஒவ்வொரு படத்துலயும் யாரோ மெல்லிசு பிரஷ்ஷால அந்த நெளிவைச் சுத்தி, ஒரு இழைகூடப் பிசகாம வந்திருக்காங்க. அது ஏம்மா?"

சிம்ரன் தலையைத் தூக்கினாள். மாமனாரைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த மைக் திறந்தேதான் இருந்தது.

"அது சூரியன் இல்ல மேடம்," என்றாள். "எங்கிட்ட வந்தப்போ அங்க வெறும் கட்டைதான் இருந்துது. பச்சை அடிச்சு மூடிடுன்னு மாமா சொன்னாரு. மூடிட்டா யாருக்கும் எதுவும் தெரியாது. வரைஞ்சவங்க விட்ட இடம் தெரியணும்னுதான் அந்த நெளிவோட தங்கத்தை வெச்சேன். நான் போட்டது அந்த வட்டம் மட்டும்தான். மீதி எதுவுமே நான் வரையல."

முன்வரிசையில் ஒரு பெண்மணி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றாள்.

"யாராவது கேட்டாத்தானே சொல்ல முடியும். வந்தவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னு மட்டும்தான் சொன்னீங்க."

மணவாளன் மைக்கை அணைத்தார். பிறகு யாருக்கோ கைகாட்டினார். விளக்குகள் அணைந்தன, ஏசியும் நின்றது. ஜன்னல் வழியே வந்த கடைசி வெளிச்சத்தில் சுவரில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் தெரிந்தன. கண்காட்சி முடிந்தது, எல்லாரும் கிளம்பலாம் என்று கூட்டத்திடம் சொன்னவர், கோமளாவின் பக்கம் வந்து குரலைக் குழைத்தார். படங்கள் உங்களுடையதுதான், எடுத்துக்கொள்ளுங்கள், பின்வாசலில் வண்டியை நிறுத்திச் சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள், அதற்குமேல் நானும் எதுவும் கேட்க மாட்டேன் என்றார்.

ஜெயித்தாகிவிட்டது என்று வீரன் சாவியை எடுத்தான். கஸ்தூரியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"பின்வாசலா?" என்றாள் கோமளா. "நான் இன்னா திருடிக்கினா போறேன்? இன்னிக்கிக் கண்காட்சின்னு ஊருக்கே சொல்லிக்கீற இல்ல? நடக்கும். கரண்டு உன்னுது, நீயே வெச்சிக்க."

ரோகிடா மரத்தைச் சுவரிலிருந்து கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் முன்வாசல் வழியாக நடந்தாள். காவலாளி ஒதுங்கி வழிவிட்டான். அவள் பின்னாலேயே ஓடிவந்த மணவாளன், என் மதில் சுவரில் ஒன்றையும் சாய்க்கக்கூடாது என்று கத்தினார். அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"சாய்க்கல," என்று சொல்லிவிட்டு, சர்வீஸ் ரோட்டைத் தாண்டி, வீரனின் வண்டிமேல் சாய்த்தாள்.

வண்டிக்கு இதைவிட நல்ல பெயிண்ட் இதுவரை கிடைத்ததில்லை, தாராளமாகச் சாய் என்றான் வீரன். பானட்டில் ரோகிடா, கதவில் குமட்டி, டிக்கியில் பெயர் தெரியாத ஊதாப் பூ. அவன் ஓடி ஓடிக் கொண்டுவந்தான். கஸ்தூரி, வாழ்நாளில் பாரம் தூக்கிப் பழக்கமில்லாதவள், மூச்சிரைக்க ஒன்றைத் தூக்கி வந்தாள். ஒரு தடவை திரும்பும்போது வீரன் பார்த்தான்: பட்டுப்புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கேர் புதரை மார்போடு அணைத்தபடி சிம்ரன் வந்துகொண்டிருந்தாள்.

"சிம்ரன், உள்ள வா," என்றார் வாசலில் நின்ற மணவாளன்.

அவள் புதரை முன் சக்கரத்தின்மேல் சாய்த்து, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, நேராக்கினாள். பிறகு அடுத்ததை எடுக்க உள்ளே போனாள். ஒவ்வொருவராக விருந்தாளிகளும் ரோஸ்மில்க் தம்ளரோடு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ஜிப்பாப் பெரியவர் மட்டும் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிட்டார்.

பைபாஸிலிருந்து ஒரு லாரி சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கியது. அதன் வெளிச்சம் வண்டி முழுக்க அடித்தபோது சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாக அந்த இடமே பற்றிக்கொண்டது. லாரிக்காரன் பிரேக்கை மிதித்தான். பின்னால் வேலப்பன்சாவடி ஷேர் ஆட்டோ நின்றது. ஷிப்ட் முடிந்து போகிற பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். ஒருத்தி டிபன் டப்பாவும் கையுமாக இறங்கியேவிட்டாள்.

"இன்னாமா இது, யாரு வரைஞ்சது?"

வீரன் வாயைத் திறந்தான். கஸ்தூரி அவன் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

"நான்தான். கோமளா," என்றாள் கோமளா. "அங்கயே நின்னா இன்னா தெரியும்? கிட்ட வந்து பாரு."